பேரம் படியாத மாத்திரை

டாக்டர் சினாரா சனிக்கிழமை சாயங்காலம் தொலைபேசியில் சொன்னதை, முகய்யோ ஞாயிறு விடியும்வரை புருஷனிடம் சொல்லவில்லை. சந்தைக்கு முந்தின நாள் மாட்டுத் தரகரிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாக நடப்பில் இருக்கும் சட்டம்.

இப்போது விடிந்துவிட்டது. ஹைதரலி சமையல்கட்டில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு வைத்த கைகள். ஏழு மணிக்குக் கட்டைவிரல் மசியும். ஏழரைக்கு ஆள்காட்டி விரல் மனசு வைக்கும். சுண்டுவிரல் மட்டும் எட்டரைவரை முறைத்துக்கொண்டிருக்கும். கடைக்குட்டி அல்லவா, செல்லம் அதிகம்.

"டாக்டரம்மா நேத்து கூப்பிட்டாங்க," என்றாள் முகய்யோ, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"நேத்தா? அப்ப நேத்திலேர்ந்து வாயை எங்க அடகு வச்சிருந்தே?"

"சட்டம் போட்டது நீங்கதானே. ரத்தத்துல வீக்கம் கொஞ்சம்கூடக் குறையலையாம். எட்டு வாரம் ஆச்சு, இந்நேரம் மாத்திரை கேக்க ஆரம்பிச்சிருக்கணுமாம். ஆறு மாத்திரை போதலைன்னா எட்டாக்கணும், இல்லைன்னா ஊசிக்கு மாத்தணும்ங்கறாங்க. செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

ஹைதரலி பாத்திரத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரா வாரம் ஒண்ணு விடாம முழுங்கறீங்க. நான் எதிர்ல உக்காந்து பாக்கறேன். அப்புறம் ஏங்க குறையல?"

"தண்ணி ஆறிப்போச்சு," என்றார் ஹைதரலி.

தண்ணீர் ஆறவில்லை. ஆவி பறந்துகொண்டுதான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன், விரலில் இறுகிப்போன வெள்ளி மோதிரத்தை நகைக்கடைக்காரர் குறடு வைத்து வெட்டி எடுத்தாரே, அன்று பிடித்த பீடை இது. மருந்துக்கடை, எண்ணெய், கரடிக்கொழுப்பு எல்லாம் சுற்றி, கடைசியில் ஓஷ் நகரத்து டாக்டர் சினாராவிடம் வந்து நின்றார்கள். முடக்குவாதம் என்றார் டாக்டர். "உங்க உடம்பைக் காக்கற நாய் ஓநாயை விட்டுட்டுச் சொந்த ஆட்டையே கடிக்குது. நாயைக் கொல்ல முடியாது. ஆனா கட்டி வைக்கலாம்," என்று சந்தைக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கட்டி வைக்கிற கயிற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் என்று பெயர். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ஞாயிறு சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறு மாத்திரை. செவ்வாய்க்கிழமை அதன் கடுமையைத் தணிக்க ஒரு மஞ்சள் மாத்திரை. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. பொறுமை.

மற்றதெல்லாம் சரி. அந்த ஆறில்தான் வந்தது வினை.

அண்ணன் சொலிஜான் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "டேய், இது புத்துநோய்க்காரங்களுக்குக் குடுக்கற விஷம்டா! ஒண்ணுகூடத் தொடாதே!" என்று கத்தினார். டாக்டர் கேட்பது ஆறு. அண்ணன் கொடுப்பது பூஜ்யம். வாழ்நாளில் கேட்ட விலைக்கு ஒரு கோழியைக்கூட முடித்திராத தரகர் வேறென்ன செய்வார்? மூன்றில் முடித்தார்.

முகய்யோ எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள்தான். ஆனால் இருபது வருஷம் நாக்கடியில் புகையிலைப் பொடியை அடக்கிக்கொண்டே பேரம் பேசி, ஒரு துளி சிந்தாத வாய் அது. மூன்று மாத்திரை தேநீரோடு உள்ளே போகும். மூன்று நாக்கடியில் ஒதுங்கும். அவள் திரும்பியதும் பழைய பொடி டப்பாவுக்குள் இறங்கும். டாக்டருக்கும் நஷ்டமில்லை, அண்ணனுக்கும் மரியாதை குறையவில்லை, இரண்டு பக்கமும் சரிக்கட்டியாகிவிட்டது என்று எட்டு வாரமாக ஹைதரலி தன்னையே மெச்சிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆள் ஒருவன் பேரத்தில் இருக்கிறான், அவனை யாருமே கேட்கவில்லை என்பது இன்று காலைதான் உறைத்தது. அந்த ஆள் தண்ணீருக்குள் வீங்கிக் கிடந்தான்.

*

எட்டரை மணிக்கு வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரனின் லாரியில் ஒரு காளையையும் ஒரு கொழுத்த கிடாவையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் சொலிஜான் வந்து இறங்கினார். சேவலுக்கு முன்னால் வந்து தெருவையே எழுப்பிவிடும் ஆசாமி, இன்றைக்கு எட்டரைக்கு வருகிறார்.

கிடாவின் கயிறு கையில் இல்லை. முழங்கையில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது.

அண்ணனும் தம்பியும் கை கொடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்கள். ஹைதரலிக்கு அப்பாடா என்று இருந்தது.

"தம்பி, காளையை நீதான் முடிச்சுத் தரணும். ஒரு லட்சத்து நாப்பதாயிரம். ஒரு சோம் காசு குறையக் கூடாது."

"கிடா?"

"கிடா விக்க இல்ல, உனக்கு. சாயங்காலம் அறுத்து, தோலை சூடு ஆறறதுக்கு முன்னாடி உன்னைச் சுத்திப் படுக்க வைக்கப்போறேன். ரெண்டு மணி நேரம். வேர்வையோட வாதம் வெளியே ஓடிடும். நாளைக்குக் காலையில நீ குஸ்தி பிடிக்கலாம்."

"பெரியத்தான்," என்றாள் முகய்யோ, தேநீர்க் கிண்ணங்களை அடுக்கியபடி, "போன மாசம் குதிரைக் கொழுப்பு தடவச் சொன்னீங்க. தெரு நாய் எல்லாம் இவர் பின்னாடியே சந்தைக்குப் போச்சு."

"அது பழைய கொழுப்பும்மா. இது புதுத் தோல். தம்பிக்குப் பயமா இருந்தா நானும் பக்கத்துல படுத்துக்கறேன். பேச்சுத் துணைக்கு."

"ஒரு தோல்ல ரெண்டு பேரா?"

"பெரிய கிடாதானே!"

முகய்யோ அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் துணி விரிப்பின் நடுவில் வைத்தாள். ரொட்டியில் கத்தி படக் கூடாது. கையால் பிய்த்து எல்லோர் முன்னாலும் போட வேண்டியது ஆண்பிள்ளை வேலை.

"நீ மூத்தவன், நீ பிய்யி," என்றார் ஹைதரலி.

"உன் வீடு. நீ பிய்யி."

"அண்ணன் இருக்கும்போது தம்பி கை நீளலாமா?"

"விருந்தாளி கை நீளலாமா?"

தேநீர் ஆறியது. ரொட்டியும் ஆறியது. இரண்டு பேரும் கைகளை மேலங்கிக்குள் விட்டுக்கொண்டு மரியாதையில் ஒருவரை ஒருவர் வென்றுகொண்டிருந்தார்கள். முகய்யோ எட்டி ரொட்டியை எடுத்தாள். படக் படக்கென்று நாலாகப் பிய்த்துப் போட்டாள்.

"சாப்பிடுங்க. மரியாதையில வயிறு ரொம்பாது."

*

சந்தையில் குளம்பு மிதித்த சேறு கணுக்கால்வரை இருந்தது. நவம்பர் மாதம். மாடும் மனுஷனும் ஒரே மாதிரி புகை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சந்தையில் வாயால் பேசுவது பாதிதான். மீதிப் பாதியைக் கைதான் பேசும். தரகர் விற்பவர் கையைப் பிடித்து இழுத்து, வாங்குபவர் கையில் அறைந்து சேர்த்து, மேலே தன் கையால் அமுக்கி, பம்பு அடிப்பது போல ஏற்றி இறக்க வேண்டும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு விலை. கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது. உருவாமல் "பரக்கத்" என்று சொன்னால் முடிந்தது. அதற்கப்புறம் மாடு அங்கேயே செத்து விழுந்தாலும் பேச்சு மாறாது. நடுவில் தரகர் கை நழுவினால் மட்டும் பழி தரகருக்கு.

ஹைதரலியின் கை பதினைந்து நாளுக்கு முன்னால் ஒரு தடவை நழுவியாகிவிட்டது. மாட்டுச் சாணி வழுக்கியது என்று சொல்லித் தப்பித்தார். இன்னொரு தடவை நழுவினால் சாணி என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்த ஞாயிறு "ஹைதரலி எங்கே?" என்று கேட்க ஆள் இருக்காது. அந்தக் கைதான் கடை, அதுதான் சரக்கு, அதுதான் பெயர்ப்பலகை.

காளையை விலை கேட்டு மடக்கியவர் எர்மெக், அலாய் மலையிலிருந்து வந்தவர். வெள்ளைக் கம்பளித் தொப்பி, மண்வெட்டி மாதிரிக் கை.

"ஒரு லட்சத்து அஞ்சாயிரம்," என்றார் எர்மெக். "அதுவும் காளை மூஞ்சிக்காகத்தான். உடம்புக்கு அவ்வளவு பெறாது."

"மூஞ்சிக்கா? அப்ப உன் மூஞ்சிக்கு நான் என்ன குடுக்கறது?" என்றார் சொலிஜான். "ஒண்ணு நாப்பது."

சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. சொலிஜான் விற்கிறார் என்றால் வேடிக்கைக்கு உத்தரவாதம். ஒரு வெள்ளாட்டுக்காக மூன்று மணி நேரம் நின்று, நடுவில் தொழுகைக்குப் போய் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த புண்ணியவான். யாரோ ஒருவர் சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

ஹைதரலி மூச்சை இழுத்துப் பிடித்தார். அண்ணன் கையை வாங்கினார். எர்மெக் கையில் அறைந்தார். மேலே தன் கையைப் போட்டு அமுக்கினார்.

மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஒரு கம்பி பழுத்து ஏறியது. விடக் கூடாது, விடக் கூடாது.

"அல்லா பேரைச் சொல்லி, ஒண்ணு இருபத்தஞ்சு!" என்று குலுக்கினார்.

"ஒண்ணு ஏழு!" என்றார் எர்மெக்.

"ஒண்ணு இருபது! குடும்பஸ்தன் கையை வெறுமே அனுப்பாதே, எர்மெக் அண்ணே!" இன்னொரு குலுக்கல். கண்ணில் தண்ணீர் முட்டியது. குளிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"ஒண்ணு பத்து. அதுக்கு மேல என் கழுதைகூட ஒத்துக்காது."

"பரக்கத்," என்றார் சொலிஜான்.

கூட்டத்தில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

எர்மெக்கே திகைத்துப்போனார். காளைக்கு ஏதாவது வியாதியா என்று மறுபடி வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். சொலிஜான் அதற்குள் கையை உருவி மேலங்கிக்குள் விட்டுக்கொண்டுவிட்டார்.

ஹைதரலி மட்டும் அப்படியே நின்றார். கை நழுவவில்லை, பிழைத்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷம் வரவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பிறத்தியார் கையைப் பிடித்து வயிறு வளர்த்தவர். யார் அவசரக்காரன், யார் கடன்காரன், யார் பொய் சொல்கிறான் என்று உள்ளங்கைச் சூட்டில் படித்துவிடுவார். இப்போது பிடித்த இரண்டில் ஒன்று மலைக்கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. மற்றது கொதித்தது. கணுக்கள் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தன. முதல் அமுக்கலிலேயே அந்தக் கைக்காரரின் மூச்சு நின்று, பல் கடிபட்டு, மெல்லத் திரும்பி வந்தது.

அந்த மூச்சை ஹைதரலிக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது அவரே விடுகிற மூச்சு.

*

லாரியின் பின்னால் கிடாவோடு உட்கார்ந்து திரும்பினார்கள்.

"ஏண்ணே, காளையைத் தானமா குடுத்துட்டே?"

"உன் கை நடுங்கிச்சுடா. பாவம் பாத்து முடிச்சேன்."

"நடுங்கினது என் கையா?"

"பின்ன எர்மெக் கையா? மலைக்காரன் கை பூகம்பத்துக்கே நடுங்காது."

"அண்ணே, கையைக் கொஞ்சம் காட்டேன்."

"என்ன, ரேகை பாக்கப்போறியா?"

"எத்தனை நாளா?"

சொலிஜான் கிடாவின் காதைத் தள்ளிவிட்டு ரோட்டைப் பார்த்தார். "ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்றார்.

தண்ணீர் ஆறிப்போச்சு என்று காலையில் தான் சொன்ன அதே குரல். ஹைதரலிக்குச் சிரிப்பு வந்தது. ஒரே தோலில் இரண்டு பேர், பேச்சுத் துணைக்கு! தனக்கு வேண்டியதைத் தம்பி பேரில் வாங்கவந்த மனுஷன். அறுபது வயசு அண்ணனிடம் "உனக்கும் இதுதான், டாக்டர்கிட்ட வா" என்று சொல்லலாம். ஆனால் எந்த வாயால்? டாக்டர் கொடுத்ததில் பாதியை டப்பாவில் துப்பிய வாயாலா?

அடுத்தவன் மூட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் தன் மூட்டையை அவிழ்த்தாக வேண்டும். வியாபாரத்தில் அது ஒன்றுதான் ஹைதரலிக்கு எப்போதும் கசக்கும்.

*

வெளிச்சம் மங்குவதற்குள் சாப்பாடு முடிந்தது. முகய்யோ ஒரு சின்னத் தட்டில் ஆறு மாத்திரைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"விஷத்தை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் சொலிஜான். "முதல்ல கிடா. தம்பி, கத்தியை எடு."

"நீ எடு. மூத்தவன்."

"உன் வீட்டு முற்றம்டா."

முகய்யோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலை ரொட்டி அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண் மெல்லச் சுருங்கியது.

ஹைதரலி மேலங்கிக்குள் கையை விட்டார். பொடி டப்பாவை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறக்க விரல் வரவில்லை. "நீயே திற," என்றார் மனைவியிடம்.

அவள் திறந்தாள். பார்த்தாள். புரிந்துகொள்ள அரை நிமிஷம் ஆனது.

"இருபத்து நாலு இருக்கு," என்றார் ஹைதரலி. "அவங்க ஆறு கேட்டாங்க. அண்ணன் ஒண்ணும் வேணாம்னான். நான் மூணுல முடிச்சேன்."

முகய்யோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் எதிர்ல உக்காந்திருந்தேனே," என்றாள் மெதுவாக. "தண்ணி எடுத்துக் குடுத்தேனே. வீக்கம் குறையலைன்னதும், நான் சமைக்கறதுல ஏதோ சேரலை போலன்னு நேத்திலேர்ந்து மனசுக்குள்ள அழுதுட்டிருந்தேன்."

ஹைதரலிக்கு நிமிர முடியவில்லை. "இப்பவே பாக்கியை எல்லாம் சேத்து முழுங்கிடறேன்," என்று டப்பாவை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" முகய்யோ டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். "இதென்ன கடனா, மொத்தமா அடைக்க?" உடனே தொலைபேசியை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு, குரலை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

டாக்டர் சினாரா முழுதும் கேட்டார்.

"அய்யா, நான் உங்ககிட்ட என்ன மாட்டு விலையா சொன்னேன்?"

"இல்லீங்க டாக்டர்."

"ஆறுன்னா உங்க எடைக்கும் வீக்கத்துக்கும் பாத்துச் சொன்ன ஆறு. மூணுல என் லாபம் குறையல. உங்க மூட்டுதான் அரிஞ்சுபோகுது. சரி, இப்பவாவது சொன்னீங்களே. செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஊசி எழுதறதா இருந்தேன். இன்னிக்கு ஆறு. ஆறு மட்டும். பழசை எண்ணிச் சேக்க வேண்டாம், ஒரே வாரத்துல அளவு மீறினா அது நிஜமாவே விஷம். டப்பாவோட என்கிட்ட கொண்டாங்க. செவ்வாய்க்கிழமை திரும்ப ரத்தம் பாத்துட்டுத்தான் மேல பேசணும்."

"விஷம்னு அவங்களே சொல்றாங்க பாரு," என்று முணுமுணுத்தார் சொலிஜான்.

"யாரது பக்கத்துல?"

"யாருமில்ல," என்றார் சொலிஜான் அவசரமாக. பிறகு தொலைபேசிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். "டாக்டரம்மா, சும்மா ஒரு சந்தேகம். காலையில விரல் மடங்கலைன்னா, அது வயசுக்குச் சகஜம்தானே?"

"எவ்வளவு நேரம் மடங்காது?"

"ஆட்டைத் திறந்துவிடற நேரம் தாண்டி... ஒரு ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு கையுமா? வீக்கம் இருக்கா? யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரனுக்கு," என்றார் சொலிஜான்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க," என்றார் டாக்டர் சினாரா. "சீக்கிரம் வந்தா காப்பாத்த மூட்டு மிச்சமிருக்கும்." தொலைபேசி அணைந்தது.

ஹைதரலி தட்டை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வழக்கமாகப் பேரம் முடிகிற இடம். நான்கு, ஐந்து, ஆறு. தேநீரைக் குடித்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயசு மனுஷன், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பெண்டாட்டிக்குக் காட்டினார். அவள் விளக்கைக் கிட்டத்தில் பிடித்து நன்றாகவே பார்த்தாள்.

சொலிஜான் எழுந்தார். "நான் கிளம்பறேன். கிடாவைக் கொண்டுபோறேன். உங்களுக்குத்தான் அது வேண்டாமே."

"பெரியத்தான், கொஞ்சம் நில்லுங்க."

முகய்யோ நடுவில் வந்து நின்றாள். புருஷன் கையை எடுத்தாள். மூத்தவர் கையைத் தொடக் கூடாதென்பதால் அவருடைய மேலங்கிக் கையை விரல் மறையும்வரை இழுத்துவிட்டு, துணியோடு பிடித்தாள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். அறையவில்லை, அமுக்கவில்லை. முட்டை பொரிந்து அப்போதுதான் வந்த குஞ்சை மூடுகிற மாதிரி மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

ஹைதரலி வாயைப் பிளந்தார். இருபத்தாறு வருஷத்தில் சந்தையில் ஒரு பொம்பளை பேரம் முடித்து அவர் பார்த்ததில்லை.

"செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பஸ்," என்றாள் முகய்யோ. "ரெண்டு பேரும்."

"அடுத்த மாசம்," என்றார் சொலிஜான்.

"செவ்வாய்க்கிழமை."

"வெள்ளிக்கிழமை. தொழுகை முடிஞ்சு. பாதிப் பாதி."

"பாதிப் பாதி பேசினவர் எட்டு வாரம் தோத்தாரு. செவ்வாய்க்கிழமை."

முற்றத்தில் கிடா கத்தியது. முகய்யோவின் கைக்கடியில் இரண்டு கைகளின் சூடு ஒன்றாகக் கலந்திருந்தது.

கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது. வாய் திறந்து சொன்னால் முடிந்தது. சொலிஜான் வாசலைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார், தம்பியின் வீங்கிய விரல்களைப் பார்த்தார்.

பரக்கத் என்று அவர் சொல்லவில்லை.

கையையும் உருவவில்லை.